வீட்டுவண்டியில் ஒரு தக்காணப் பயணம்



ஊர் காணப் புறப்படுவோர் இரு வகையினர். வைகறையிற் கிளம்பி, ஒரே பகலுக்குள் எட்டு இடங்களைக் கண்டு, எட்டு இடங்களிலும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, நள்ளிரவில் வீடு திரும்புவோர் ஒரு வகையினர். ஓரிடத்திற்குச் சென்று, அங்கேயே இரவு தங்கி, மறுநாட் காலையில் அதே இடத்தை மீண்டும் ஒரு முறை காண்போர் மற்றொரு வகையினர். அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்பது நம் உழவர்களின் வாக்கு. உழவுக்குச் சொன்ன அவ்வாக்கு பிரயாணத்திற்கும் பொருந்தும் என்பதை, சென்ற மார்கழியில் ஐந்து நாட்கள் செய்த ஒரு பயணத்தில் அறிந்துகொண்டோம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறோம்.

ஐரோப்பிய நாடுகளிலே வீட்டையே வண்டியாக்கிக் கொண்டு ஊர் காணச் செல்லும் வழக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. வட பிரான்ஸிலே, ஆமியாங் நகரத்து மாதா கோயிலையும், அதனை அடுத்த சோம் ஆற்றுப் பகுதியின் முதல் உலகப் போர்க் களங்களையும் இப்படிக் குடும்பத்தோடு சென்று காண்போர் பலர். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வண்டிக்குள்ளேயே இருப்பதால், விடுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. விரும்பிய இடத்தில் நிறுத்தி, விரும்பிய பொழுது வரை தங்கலாம். நம் நாட்டிலும் இப்பொழுது இத்தகைய வண்டிகள் ஒன்றிரண்டாகத் தோன்றி வருகின்றன. இருக்கைகளைக் கழற்றி, மடக்குப் படுக்கைகள் நான்கும், சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றும், தண்ணீர்த் தொட்டி ஒன்றும் பொருத்திய வேன் ஒன்றை நாங்கள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டோம். கணவன் மனைவி நாங்கள் இருவர், எண்பத்திரண்டு வயதான அம்மா, எங்கள் மகள், அவளுடைய பத்து வயது மகன் ஆக ஐவர். ஆறாமவர் ஓட்டுநர். முன் இருக்கைதான் தமக்கு வசதியான கட்டில் என்று அவர் முதல் நாளே அறிவித்துவிட்டார்.

நாங்கள் வாழும் இராமச்சந்திராபுரம், ஹைதராபாத் நகரின் வடமேற்கு எல்லையிலே, பம்பாய்ச் சாலை என்று பழைய தலைமுறையினர் வழங்கும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்தது. 1960-களில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியோடு மின்சார யந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை இங்கே எழுந்தபொழுது, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினார்கள். கும்பகோணத்தருகே ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் தந்தையாரும் அவ்வாறு வந்தார். கைக்குழந்தையோடு எங்கள் அம்மா ரயிலிலிருந்து இறங்கிய காலத்தில் இங்கே பாறையும் முட்புதருமே மிகுதி என்பார். அந்தக் கைக்குழந்தையும் பின்னர் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். செய்து எங்கே போவது? கும்பகோணத்துப் பூர்வீக வீட்டின் பங்கு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. "நம் ஊருக்கே போய்விடலாம்" என்பது அம்மாவின் கட்சி. அறுபது ஆண்டு வாழ்ந்த இடத்தை விட்டு எப்படிப் போவது என்பது எங்கள் கட்சி. இவ்வழக்கு முடிவுறாத நிலையிலேதான் இந்தப் பயணத்தை மேற்கொண்டோம். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு, எங்கள் வாசல் வழியே ஓடும் சாலை எங்கேதான் போகிறது என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

பட்டான்செரு, சங்காரெட்டி, சதாசிவப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து ஜஹீராபாத்தை அடைந்தோம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் சுமார் முப்பது கிலோமீட்டரில் பீதர். செம்புரைக்கல் மேட்டின் மீது அமைந்த ஊர் அது. கோட்டை மதிலும், அகழியும், மண்ணும் ஒரே செந்நிறம். 1347-இல் தோன்றிய பாமினி அரசு, முதலில் குல்பர்காவைத் தலைநகராகக் கொண்டிருந்து, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் அகமது ஷாவின் காலத்திலே, இங்கே இடம் பெயர்ந்தது.

பீதரில் எங்களை இரண்டு நாள் நிறுத்திவிட்டது கோட்டையன்று, ஒரு கல்விச்சாலை. மஹ்மூத் கவான் என்ற அமைச்சர் 1472-இல் கட்டி முடித்த மதரஸா அது. மூன்று மாடிகள், நடுவே விரிந்த முற்றம், நாற்புறமும் மாணவர் அறைகள், ஆசிரியர் கூடங்கள். முகப்பிலே இரண்டு ஸ்தூபிகள் இருந்தன; இன்று ஒன்றுதான் நிற்கிறது. அதன் மேல் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பதித்த ஓடுகள் ஐந்து நூற்றாண்டு வெயிலையும் மழையையும் கண்ட பின்னரும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் நாள் பிற்பகல் அவற்றைக் கண்டபொழுது மங்கிய பழஞ்சுவராகவே தோன்றிற்று. மறுநாட் காலையில், இளவெயில் முகப்பில் விழுந்த வேளையில் மீண்டும் போய் நின்றோம். கோணல் கோணலாக ஓடும் வண்ணக் கோடுகள் அப்பொழுதுதான் துலங்கின. வண்டியிலேயே உறங்கி எழுந்ததன் பயன் இது.

இந்தக் கவான் யார்? பாரசீகத்தின் வடபால், காஸ்பியன் கடலோரத்துக் கீலான் நாட்டிற் பிறந்தவர். 1453-ஐ ஒட்டி, நாற்பது வயதைத் தாண்டியபின், வணிகராகத் தக்காணத்திற்கு வந்தார். அரசவையில் இடம் பெற்று, அடுத்தடுத்துச் சுல்தான்கள் பலரிடம் பணிபுரிந்து, முதன்மை அமைச்சராக உயர்ந்தார். வணிகர் தலைவர் என்று பொருள்படும் மாலிக்-உத்-துஜ்ஜார் என்ற பட்டம் பெற்றார். அக்காலத்திலே குதிரை விற்க வந்து பீதரில் தங்கிய ரஷ்ய வணிகர் அஃபனாசி நிக்கிதின், தம் பயணக் குறிப்பில் இவரை அப்பட்டப் பெயராலேயே குறிப்பிடுகிறார். பிரபுக்களின் ஆடம்பரத்தையும் நாட்டுப்புற மக்களின் வறுமையையும் அருகருகே வைத்து எழுதிய நேர்மையாளர் அந்த நிக்கிதின்.

பாமினி அரசிலே தக்காணத்தில் வேரூன்றியவர் ஒரு கட்சி, கடல் கடந்து வந்தவர் மற்றொரு கட்சி என்று தீராப் பகை இருந்தது. கவான் வந்தவர். எனினும் பதவிகளை இரு கட்சியினருக்கும் பகிர்ந்தளித்துப் பகையைத் தணிக்க முயன்றார்; நிலத்தை அளந்து வரியை ஒழுங்கு செய்தார்; மாகாணத் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்தார். அதிகாரம் குறைந்தவர்கள் பொறுப்பார்களா? அவருடைய முத்திரையை ஏமாற்றிப் பெற்று, ஒரிஸ்ஸா அரசனைப் படையெடுத்து வரும்படி அவரே அழைத்ததாகப் பொய்க் கடிதம் ஒன்றைப் புனைந்தார்கள். சுல்தான் மூன்றாம் முகம்மது அதனை நம்பி, 1481 ஏப்ரலில் முதுமை எய்திய அமைச்சரைக் கொல்வித்தான். பின்னர் அவருடைய பொருளை ஆராய்ந்தபொழுது, பெருஞ்செல்வம் ஏதும் சேர்த்து வைக்கவில்லை என்பது தெரிந்தது. சுல்தானும் மறு ஆண்டே மாண்டான். அரசு ஐந்து கூறாகச் சிதறத் தொடங்கிற்று.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் பேரன், "தாத்தா, அப்படியானால் அவர் நல்லவரா?" என்று கேட்டான். சிறுவர்களின் கேள்விக்கு மழுப்பி விடையிறுத்தல் கூடாது. அவர் போர் நடத்தியவர். கோவாவைப் படைகொண்டு பிடித்தவர். அவர் பணிபுரிந்த சுல்தானின் படை அதே 1481-இல் நம் காஞ்சிபுரம் வரை வந்து கொள்ளையிட்டுச் சென்றது. பழைய அரசுகளின் கணக்கிலே இத்தகைய பற்றுகள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. ஆனால் தாம் பிறவாத ஒரு மண்ணிலே, தம் மக்களல்லாத பிள்ளைகள் படிப்பதற்கு இவ்வளவு பெரிய கூடம் ஒன்றை எழுப்பினார் என்பது அக்கணக்கின் வரவுப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று சொன்னோம். 1690-களில் ஔரங்கசீப்பின் படையினர் இக்கட்டடத்தில் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்த காலையில் வெடி விபத்து நேர்ந்து, முகப்பின் ஒரு பாதி தகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மருந்து மூட்டையை வைத்தால் நேர்வது அது.

நகருக்கு வெளியே அஷ்டூர் என்னுமிடத்தில் பாமினி அரசர்களின் சமாதிகள் வரிசையாக நிற்கின்றன. அகமது ஷாவின் சமாதியில் உட்கூரை முழுதும் வண்ணமும் பொன்னுமாக எழுதிய சித்திரம். ஆண்டுதோறும் அங்கே நடைபெறும் உருசு விழாவை இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கொண்டாடுகிறார்கள். சற்று அப்பால், 1461-இல் மாண்ட ஹுமாயூன் சுல்தானின் சமாதி இடி விழுந்து பிளந்து, பாதிக் குவிமாடத்தோடு நிற்கிறது. கொடுங்கோலன் என்று பெயரெடுத்தவன் அவன். அறுத்து வைத்த பலாப்பழம் போல உள்ளமைப்பு முழுதும் வெளியே தெரிகிறது. குவிமாடம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை ஆயிரம் படம் வரைந்து காட்டினாலும் இவ்வளவு தெளிவாக விளங்காது.

அங்கேதான் எங்கள் தண்ணீர்த் தொட்டி வற்றிப்போயிற்று. பாத்திரம் கழுவத் திறந்த குழாயை யாரோ மூட மறந்திருந்தார்கள். அந்த யாரோ எங்களுள் ஒருவர். பக்கத்து வயலில் துவரை அறுத்துக்கொண்டிருந்த ஓர் உழவர், தம் கிணற்று மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார். பணம் கொடுக்க முற்பட்டோம். கையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் பேசியது கன்னடம், ஓட்டுநர் பேசியது தெலுங்கு, அம்மா பேசியது தமிழ். மூவரும் எந்தத் தடையுமின்றிக் கால்மணி நேரம் மழையைப் பற்றியும் பருப்பு விலையைப் பற்றியும் உரையாடினார்கள்.

தண்ணீரைப் பற்றிய பேச்சு வந்தமையால் ஒன்று சொல்ல வேண்டும். பீதரின் நௌபாத் பகுதியிலே, பாறையைக் குடைந்து நிலத்தடியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு நீர்ச் சுரங்கம் உண்டு. கரேஸ் என்று அதற்குப் பெயர். ஊற்று நீர் சிறு சரிவிலே தானாக வழிந்தோடும். வழியெங்கும் இடைவெளி விட்டுக் கிணறு போன்ற துவாரங்கள் வெட்டி, காற்றும் வெளிச்சமும் புகச் செய்திருக்கிறார்கள். பாரசீகத்துப் பாலைநிலத்தார் கண்ட முறை இது. வந்தவர்கள் வாளோடு மட்டும் வரவில்லை. நீர் காணும் வித்தையோடும் வந்தார்கள். பீதரின் புகழ்பெற்ற பித்ரி வேலையும் அத்தகைய கலப்பிலே வளர்ந்ததுதான். துத்தநாகமும் செம்பும் கலந்து வார்த்த பாத்திரத்திலே வெள்ளிக் கம்பியைப் பதித்து, இறுதியில் நவச்சாரத்தோடு கோட்டையின் பழைய மண்ணைக் கலந்து தேய்க்கிறார்கள். உலோகம் கன்னங்கரேலென்று ஆகிவிட, வெள்ளி மட்டும் வெண்மை மாறாது ஒளிர்கிறது. வெயிலும் மழையும் படாத இடத்து மண்தான் வேண்டும் என்று தொழிலாளி ஒருவர் எங்களுக்குக் கூறினார்.

மூன்றாம் நாள் ஹும்னாபாத் வழியாகக் கலபுரகி சென்றோம். முன்னாளில் குல்பர்கா என வழங்கிய ஊர். செம்மண் மறைந்து கரிசல் தொடங்கிற்று. இருமருங்கும் துவரையும் சோளமும். கோட்டைக்குள்ளே 1367-இல் எழுந்த ஜும்மா மசூதி இருக்கிறது. மசூதிகளில் வழக்கமாகக் காணும் திறந்த முற்றம் இதற்கில்லை. 216 அடி நீளமும் 176 அடி அகலமும் உள்ள இடம் முழுவதையும் குவிமாடங்களால் மூடியிருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும்பொழுதும் உள்ளே குளிர்ந்த நிழல். கட்டியவர் பாரசீகத்துக் கஸ்வீன் நகரைச் சேர்ந்த ரஃபி என்பதைக் கல்வெட்டு கூறுகிறது. அதே ஊரிலே அடக்கமாகியிருக்கும் பந்தே நவாஸ் என்ற ஞானியார், முதுமையில் தில்லியை விட்டு இங்கே வந்து, 1422-இல் மறைந்தவர். அவருடைய தர்காவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் வருகிறார்கள். "இவரும் வந்தவர்தானா?" என்று அம்மா கேட்டார். ஆம் என்றோம். அம்மா பிறகு ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் விஜயபுரம். பிஜாப்பூர் என்றால் பலருக்கு விளங்கும். கோல் கும்பஸை விடிந்ததும் காண வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதன் பொருட்டு முந்திய இரவே அருகில் ஒரு விடுதி முற்றத்தில், உரிமையாளரின் அனுமதியோடு வண்டியை நிறுத்திக்கொண்டோம். 1656-இல் மறைந்த முகம்மது அதில் ஷாவின் சமாதி அது. உட்புறக் குவிமாடத்தின் குறுக்களவு ஏறத்தாழ 38 மீட்டர். நடுவிலே தாங்குவதற்கு ஒரு தூண்கூட இல்லை. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் எட்டு வளைவுகள், நாற்சதுரச் சுவரை மெல்ல மெல்ல வட்டமாக்கி, அப்பெரும் பாரத்தை ஏந்துகின்றன. மூலைக் கோபுரத்தின் படிகளில் ஏறி மேலே வட்டத் தாழ்வாரத்தை அடைந்தோம். சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது. கை தட்டினால் பலமுறை எதிரொலிக்கிறது. கூட்டம் வந்துவிட்டாலோ, கத்துவோர் கூச்சலில் எதுவும் கேளாது. நாங்கள் சென்ற வேளையில் அங்கே வேறு நால்வரே இருந்தனர். பேரன் சுவரில் வாய் வைத்து, "கொள்ளுப்பாட்டி" என்று முணுமுணுத்தான். படியேற இயலாமல் அம்மா கீழே, வாயிற்படியில் அமர்ந்திருந்தார். இறங்கி வந்ததும், "கேட்டதா?" என்று அவன் ஆவலோடு வினவினான். "கேட்டதே!" என்றார் அம்மா. உண்மையில் கேட்டதோ, பிள்ளை மனம் வாடலாகாது என்று சொன்னாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

அன்று மாலை இப்ராஹிம் ரௌஸாவைக் கண்டோம். பரப்பிலே சிறியதாயினும் வேலைப்பாட்டிலே மிகச் சிறந்தது. இரண்டாம் இப்ராஹிம் அதில் ஷா 1580 முதல் 1627 வரை ஆண்டவர். இசையில் தோய்ந்தவர், தக்கணி மொழியில் கிதாப்-இ-நௌரஸ் என்ற பாடல் நூலை இயற்றி, அதன் தொடக்கத்தில் கலைமகளையும் விநாயகரையும் போற்றியவர். அவருடைய குலத்தின் முதல்வரான யூசுப் அதில் கானும் அயல்நாட்டிலிருந்து வந்தவரே. மஹ்மூத் கவானின் ஆதரவில் முன்னுக்கு வந்தவர். வந்தவரின் வழித்தோன்றல் நான்கு தலைமுறைக்குள் இந்த மண்ணின் மொழியிலே பாட்டெழுதுகிறார். ஹைதராபாத்தின் கதையும் வேறன்று. 1591-இல் அந்நகரை நிறுவிய முகம்மது குலியின் பாட்டனார், பாரசீகத்திலிருந்து பாமினி அரசுக்கு ஊழியம் செய்ய வந்தவர்.

திரும்பும் வழியில், வண்டியின் சிறு மேஜையில் அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருக்கையில், "அந்தக் கவான் தம் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை, கீலானுக்கும் பிற நாடுகளுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் நூலாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் அவர் அடக்கமானது பீதருக்கு அருகிலேதான், குவிமாடம் இல்லாத எளிய சமாதியில், என்று கூறினோம். அம்மா சற்று நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கும்பகோணத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இனி யார் இருக்கிறார்கள்? இங்கே என்றால் காய்கறிக்காரிகூட என் முழங்கால் வலியை விசாரிக்கிறாள்," என்றார். வழக்கு அங்கேயே தீர்ந்தது. தீர்ப்பளித்தவர் எதிர்க்கட்சியினரே.

நேயர்களே, தொடக்கத்தில் சோம் ஆற்றுப் பகுதியைக் குறிப்பிட்டோம். நிஜாம் நாட்டிலே தோன்றிய தக்காணக் குதிரைப்படை 1916 ஜூலை 14 அன்று அந்தக் களத்திலே போரிட்டது. அதே வட பிரான்ஸில், நவ் ஷாபெல் என்னும் ஊரில், 1927-இல் திறந்துவைத்த நினைவுச் சின்னத்திலே, கல்லறை அறியப்படாத இந்திய வீரர்கள் 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுவண்டியில் அவ்வழியே செல்லும் பிரெஞ்சுக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் அந்தப் பெயர்களைப் படித்து, "இவர்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்?" என்று தன் பாட்டனாரைக் கேட்கக்கூடும். பீதரில் எங்கள் பேரன் கேட்டதும் அதே கேள்விதான். வந்தவர் எவர், எதைக் கொண்டுவந்தார், எதை வைத்துவிட்டுப் போனார் என்று கேட்கத் தெரிந்துவிட்டால், இடிந்த கட்டடமும் விடை சொல்லும்.

பயணம் மேற்கொள்வோருக்கு ஓரிரு சொற்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். புகழ்பெற்ற இடங்களை விடியலிற் காணுங்கள். இரவு நிறுத்துமிடத்தில் முன்னரே அனுமதி பெறுங்கள். பழஞ்சுவரிலே பெயர் எழுதுவோரைக் கண்டால் பணிவாகத் தடுத்துச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயை மூட மறவாதீர்கள்.

நாங்கள் இராமச்சந்திராபுரத்திலேயே, சாலையை ஒட்டிய ஒரு தெருவில், இரண்டறை வீடு பார்த்துக் குடிபுகுந்துவிட்டோம். கும்பகோணத்து வீட்டின் சாவி சுவரில் ஆணியில் தொங்குகிறது. சித்திரையில் ஒரு முறை போய்த் திறந்து பெருக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. ஜன்னலைத் திறந்தால் பீதருக்குப் போகும் பேருந்துகள் தெரிகின்றன.